ஏசுவடியான் பேரில்

இடைவேளை முடிந்து பக்கம் மாறிக்கொண்டபோதுதான் மாசானத்துக்கு அது உறைத்தது. இனி அவனுடைய கோடு மேற்குக் கோடு. அவன் லெஃப்ட் ஹாஃப், இடதுகைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கோடு அவன் பொறுப்பு, அதைத் தாண்டிப் பந்து போனால் ஓடிப்போய் எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி உள்ளே எறிய வேண்டியதும் அவன்தான். முதல் பாதியில் அந்தக் கோடு கிழக்கே இருந்தது. அங்கே நம் பார்க்கர் கல்லூரிப் பையன்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது வடக்கே பார்த்து ஆட வேண்டும், இடதுகை மேற்கே வந்துவிட்டது, மேற்கே வேப்பமரங்களுக்கடியில் டிக்கெட் வாங்காத ஜனம், அந்த ஜனத்துக்கு ஒரு எட்டு முன்னால் மூடிய குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர். வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது, முகம் இருட்டாகத் தெரிந்தது. இடைவேளையில் ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டே கேப்டன் வீரபாகு அவன் காதருகே வந்து, "ஏல, ஒங்க அப்பா மேக்க நிக்காரு, வாசல்ல ஒன் பேரச் சொல்லிக் கேட்டாராம், பக்கத்துல போவாத" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு சிரித்தது தப்போ என்று நினைத்தவன்போல மாசானத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். மாசானத்தின் அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. மேற்கே நிற்பவர் ஏசுவடியானின் அப்பா. மாசானம் இந்த சீசன் முழுக்க ஏசுவடியான்.

விசில் ஊதியாயிற்று. ஒரு கோல் நம் பக்கம் கூடுதல், முப்பத்தைந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் கேடயம் நமக்கு, கேடயம் வந்தால் பிரின்சிபால் கையெழுத்துப் போடுவார், கையெழுத்துப் போட்டால் ரசாயனக் கூடத்தில் அட்டெண்டர் வேலை. டிரில் மாஸ்டர் துரைக்கண்ணு இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சம்பளம், காக்கி உடுப்பு, வருஷத்துக்கு இரண்டு லீவு என்று கல்யாணப் பேச்சு பேசுகிற தோரணையில் அடுக்குவார். மனுஷன் கெட்டவரில்லை. கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குக் கண் மண் தெரியாது. அவர் மாசானத்தைப் பிடித்தது ரயில்வே கூட்ஸ் ஷெட்டில். ஏதோ பார்சல் எடுக்க வந்தவர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு துணிப்பந்தை உதைத்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தார், பார்சலை மறந்தார். எங்கே கற்றாய் என்று கேட்டார். பட்டாளத்தில் என்றான். பயோனியரில் இருந்தேன், அஸ்ஸாமிலும் பர்மாவிலும் ரோடு போட்டோம், சாயங்காலம் வெள்ளைக்கார சார்ஜெண்டு ஆடவைப்பான் என்றான். எதுவரைக்கும் படிப்பு என்றார். மூன்றாம் பாரம் என்றான். போதும் என்றார். போதும் என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது, ஏனென்றால் அதுவரைக்கும் அவனை யாரும் எதற்கும் போதும் என்று சொன்னதில்லை.

பந்து நடுவில்தான் கிடந்து உருள்கிறது. நல்லது. அங்கேயே உருளட்டும். எதிர்த்து ஆடுகிற மதுரைக்காரர்களின் ரைட் அவுட், வலது ஓரத்தில் ஓடுகிறவன், ஒரு குட்டைப் பையன், பூட்ஸ் போட்டிருக்கிறான், மிலிட்டரிக்காரன் கழித்துப்போட்டு ஏலத்தில் வந்த பூட்ஸ். அதன் சத்தம் மாசானத்துக்குத் தெரியும். வெறுங்காலோடு ஆடுகிற மாசானத்துக்குப் பூட்ஸைக் கண்டு பயமில்லை, கணுக்காலில் துணி சுற்றியிருக்கிறான், பட்டால் படட்டும், பட்டாலும் என்ன, பட்டது தெரிந்து நாளாகிறது. போன மாதம் நகம் பெயர்ந்து வந்தபோது பக்கத்தில் ஆடியவன்தான் ஐயோ என்றான். டாக்டர் வீட்டுக்குப் போகிற வழியில் மாசானம் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தான், ரத்தம் வந்தது, அது யாருடைய காலோ போலிருந்தது. பர்மாவிலிருந்து வந்த பிறகு இப்படித்தான். சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை, ரெண்டும் வழியில் எங்கேயோ கப்பலில் தங்கிவிட்டன. அம்மா உயிரோடு இருந்திருந்தால் மந்திரித்திருப்பாள். இடது பக்கம் பார்க்கக் கூடாது. பார்க்காமலிருந்தால் பெரியவர் அங்கே இல்லை. குடை ஊன்றியிருக்கிறார், மழை இல்லை, வெயிலுக்கும் விரிக்கவில்லை, விரித்தால் பின்னால் நிற்கிறவர்களுக்கு மறைக்கும் என்று நினைத்திருப்பார். வாத்தியார் அல்லவா. அவர் மகனுக்கு எழுதிய தபால் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது, ஓய்வுபெற்ற ஆசிரியர், வ. ஞானசிகாமணி. பார்த்துவிட்டான். தலை தானாகத் திரும்பிவிடுகிறது.

அந்தப் பேர் எப்படி வந்தது என்றால் அதுவும் டிரில் மாஸ்டரின் மூளைதான். வெளியாளைக் கல்லூரி டீமில் இறக்குவது புதிதா என்ன, எல்லாக் கல்லூரியிலும் உள்ளதுதான், லீவில் போனவன் பேர், பரீட்சையில் தவறி ஊரோடு போனவன் பேர், ஏதாவது ஒரு பேரில் ஒரு தடியன் வந்து ஆடிவிட்டுப் போவான். இந்தத் தடவை சௌகரியம் கூடுதலாக இருந்தது. படிப்பை விட்டுவிட்டு யுத்தத்துக்குப் போன பையன்களின் இடத்தை அப்படியே வைத்திருப்போம் என்று கல்லூரி வாக்குக் கொடுத்திருந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் அவர்கள் பேர் ரிஜிஸ்டரில் சிவப்பு மசியில் அப்படியே இருந்தது. பத்தொன்பது பேர். டிரில் மாஸ்டர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். இவன் திரும்பிவிட்டான், இவன் போன வாரம் வந்து சர்டிபிகேட் கேட்டான், இவன் அப்பா உள்ளூர், வேண்டாம். விரல் ஒரு பேரில் நின்றது. ஜி. ஏசுவடியான், இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். தேரிக்காட்டுப் பக்கம் ஏதோ ஊர், பட்டாளத்துச் சிக்னல்ஸில், தந்தி அனுப்புகிற பிரிவில், போனவன், மலாயாவிலோ எங்கேயோ இருப்பான், இப்போதைக்கு வரமாட்டான் என்றார். அவ்வளவுதான் விசாரணை. அந்த வீட்டுக்கு நாற்பத்தைந்து ஏப்ரலிலேயே தந்தி போயிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் கல்லூரிக்குச் சொல்லவில்லை. காணவில்லை என்றுதானே வந்திருக்கிறது, காணாமல் போனவன் வரும்போது இடம் இருக்கட்டும் என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். கல்லூரியும் கேட்கவில்லை. பேர் மட்டும் சிவப்பு மசியில் காத்துக்கொண்டிருந்தது, மாசானம் போய் அதற்குள் நின்றான்.

வந்துவிட்டது. பந்து உருண்டு உருண்டு மேற்கே போகிறது, ரைட் அவுட் பையன் துரத்துகிறான், கோட்டைத் தாண்டிவிட்டது, நம் த்ரோ. மாசானம் குனிந்து கணுக்கால் துணியை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தான். துணியில் ஒரு குறையுமில்லை. முடிச்சை இழுத்தான், தளர்த்தினான், இழுத்தான். உள்ளே நின்ற ஒருவன் ஓடிப்போய் எறிந்துவிட்டான். தப்பித்தாயிற்று. இது எத்தனை தடவை நடக்கும், ஒரு ஆட்டத்தில் ஒரு பக்கக் கோட்டில் பத்துப் பன்னிரண்டு த்ரோவாவது வரும், அவிழ்க்க அவ்வளவு துணி இல்லை. பெரியவர் என்ன செய்கிறார். எட்டிப் பார்க்கிறார். கோல்கீப்பரைப் பார்க்கிறார், வீரபாகுவைப் பார்க்கிறார், கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடுகிறார். மாசானத்தின் முகத்தின் மேலும் அந்தப் பார்வை வந்தது, நிற்காமல் அடுத்தவனுக்குப் போனது. அப்படிப் போனதுதான் என்னவோ செய்தது. பயம் என்று சொல்லலாம், பயம்தான், ஆனால் அதுவும் முழுசாக வரவில்லை.

சீசன் நன்றாகத்தான் போயிற்று. ஏழு ஆட்டம், ஐந்து ஜெயம், ஒன்று சமம், ஒன்று மழையில் நின்றுபோனது. அரிசிக்கு ரேஷன் இருந்த காலத்தில் அவனுக்கு ஹாஸ்டலில் முட்டையும் பாலும் கிடைத்தன, ஏசுவடியானின் மெஸ் நம்பரில். ஆய்வுக்கு யாரோ வந்த அன்றைக்கு வகுப்பில் வேறு உட்கார வைத்தார்கள். தர்க்க சாஸ்திர வகுப்பு, பேர் கூப்பிட்டபோது எழுந்து பிரசெண்ட் சார் என்றான், பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும் பாடு. வெளியூருக்குப் போகும்போது ரயிலில் எல்லாரும் பாடுவார்கள், அவனும் கை தட்டுவான். குளிக்கிற இடத்திலும் சாப்பிடுகிற இடத்திலும்கூட அவனை ஏசுவடியான் என்றுதான் கூப்பிட வேண்டும், பழக்கத்தில் நாக்கு பிசகிவிடும் என்பது டிரில் மாஸ்டரின் கட்டளை. முதல் இரண்டு வாரம் கூப்பிட்டால் யாரையோ என்று நின்றான். பிறகு பழகிவிட்டது. இப்போது கூட்ஸ் ஷெட்டில் யாராவது மாசானம் என்றால்தான் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் அந்த ஒரு கோலோடு கெட்டது. லெஃப்ட் ஹாஃப் கோல் அடிப்பது வழக்கமில்லை. அரையிறுதியில் பந்தைச் சும்மா தூக்கி முன்னால் அனுப்பினான், காற்று வாங்கிக்கொண்டு போய்க் கோல்கீப்பரின் தலைக்கு மேலே விழுந்து உள்ளே போயிற்று. குருட்டாம்போக்கில் விழுந்த கோல். மறுநாள் பேப்பரில், பார்க்கர் கல்லூரியின் ஏசுவடியான் நாற்பது கஜத்திலிருந்து அடித்த அற்புதமான கோல் என்று இரண்டு வரி. பையன்கள் வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பேப்பர் தேரிக்காட்டுக்கும் போகும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் பி.ஏ. படிக்கிறவர்கள்.

ஐந்தாம் நாள் ஹாஸ்டல் கடிதப் பெட்டியில் கார்டு வந்தது. கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு என்று ஆரம்பம். நீ வந்து கல்லூரியில் சேர்ந்துவிட்ட விவரம் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது. நான் அன்று உன்னைக் கை நீட்டி அடித்தது தவறு. நீ பரீட்சையில் தவறியதற்கு அவ்வளவு கோபப்பட்டிருக்கக் கூடாது. அந்த வைராக்கியத்தில்தான் பட்டாளத்தில் சேர்ந்தாய், அந்த வைராக்கியத்தில்தான் இப்போதும் வீட்டுக்கு வராமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். எங்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. நுணுக்கி நுணுக்கி எழுதி, இடம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் எழுதியிருந்தது. டிரில் மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, பதில் போடாதே, கையெழுத்து வேறாக இருக்கும், சீசன் முடியட்டும், நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பதில் இல்லாததையும் அந்தப் பெரியவர் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கார்டில், சனிக்கிழமை கடைசி ஆட்டம் என்று போட்டிருக்கிறது, நான் வருகிறேன், உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன், தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று இருந்தது. அதை மாசானம் யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

பந்தைக் கோட்டுப் பக்கம் போகவிடாமல் ஆடினால் என்ன. அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறான், காலில் பட்டதையெல்லாம் நடுவே தள்ளிவிடுகிறான், தானும் நடுவே நடுவே நகர்ந்துவிடுகிறான், கோட்டோரம் அகலமாகத் திறந்து கிடக்கிறது. ரைட் அவுட் பையன் முட்டாளில்லை. ஒரு தடவை தனியாக இறங்கி ஓடி அடித்தான், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கிழக்கே தகரச் சத்தம் சட்டென்று நின்றது. வீரபாகு ஓடி வந்து, எங்கே போய் நிற்கிறாய், உன் இடத்தில் நில் என்று கத்தினான். அவன் இடம் எது. இம்பாலுக்குத் தெற்கே அந்த ரோட்டிலும் ஒரு சார்ஜெண்டு இப்படித்தான் கத்துவான். ரோடு போடுகிற வேலைதான் அவர்களுக்கு, ஆனால் ரோட்டோரம் கிடப்பவர்களையும் எடுத்துப் புதைக்கச் சொன்னார்கள். கழுத்தில் தகடு இருக்கும், நம்பரும் பேரும் அடித்த தகடு, அதை எடுத்துச் சார்ஜெண்டிடம் கொடுக்க வேண்டும், அவன் நோட்டில் எழுதுவான், அந்தப் பேர் ஒரு வீட்டுக்கு இன்னான் இறந்தான் என்று போகும். தகடு இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லாதவனெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் காணவில்லை. மூன்று நாள் விடாத மழையில் ஒரு சாயங்காலம் மூன்று பேர் கிடந்தார்கள். கழுத்தைத் தேட வேண்டும். சட்டையும் சேறும் உடம்பும் ஒன்றாக இருந்தன. மாசானம் தேடவில்லை. குழியை வெட்டினான், தள்ளினான், மூடினான், தகடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கினான். நல்ல தூக்கம். அதுதான் அவனால் மறக்க முடியாதது, எவ்வளவு நன்றாகத் தூங்கினான் என்பது. அந்த மூன்று பேரில் ஒருவன் ஏசுவடியானாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பர்மா பெரிய நாடு, சாவதற்கு எவ்வளவோ இடம் இருந்தது. இல்லை என்று சொல்லவும் அவனால் முடியாது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும்போதும், ரயிலில் கை தட்டும்போதும், இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும், மழை, மூன்று நாள், மூன்று பேர்.

மறுபடியும் வருகிறது, இந்தத் தடவை வேகமாக. ரைட் அவுட் பையன் தள்ளிவிட்டு ஓட, மாசானம் குறுக்கே காலை நீட்டினான், பூட்ஸ் முழங்காலுக்குக் கீழே பட்டு விழுந்தான், பந்து பையனின் காலில் மோதி எகிறி வெளியே போய்விட்டது. ரெஃபரி கையைக் காட்டினார், நம் த்ரோ. பக்கத்தில் நம் ஆள் ஒருவரும் இல்லை, எல்லாரும் நடுவே போய் நிற்கிறார்கள், அவன்தான் எடுக்க வேண்டும். எழுந்தான். ஏழெட்டு அடிதான். பந்து உருண்டு சரியாகப் பெரியவரின் செருப்பில் முட்டி நின்றிருந்தது. அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து இரண்டு கையாலும் பந்தை எடுத்தார், மேல்துண்டு முனையால் அதிலிருந்த புழுதியைத் துடைத்தார். ஒரு சின்னப் பெருமை இருந்தது அந்தத் துடைப்பில். பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம் என் மகன் ஆடுகிறான் என்று சொல்லியிருப்பார் போல, அவர்கள் வழிவிட்டு நின்றார்கள். மாசானம் கையை நீட்டினான். நடுவிலிருந்து வீரபாகு, "ஏசுவடியான், சீக்கிரம்" என்று கூப்பிட்டான். மாசானத்தின் தலை திரும்பியது. நாலு மாதமாகத் திரும்பித் திரும்பிப் பழகின தலை, அவனைக் கேட்கவில்லை. மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது பெரியவர் பந்தைக் கொடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நீ ஏன்யா திரும்பிப் பாக்க?"

மெதுவாகத்தான் கேட்டார், பின்வரிசைப் பையனைக் கேட்கிற மாதிரி. தெரியவில்லை என்று சொல்லலாம். அவன் இன்றைக்கு ஆடவில்லை, காய்ச்சல், ஹாஸ்டலில் படுத்திருக்கிறான் என்று சொல்லலாம், சீசன் இன்றோடு முடிகிறது, டிரில் மாஸ்டர் நேரில் போய்ச் சொல்லிக்கொள்வார், அட்டெண்டர் வேலைக்குக் கையெழுத்து விழும். வாயைத் திறந்தபோது இதில் எதுவும் வரவில்லை.

"நாந்தான்யா அந்தப் பேர்ல ஆடுதேன். நான் காலேஜி ஆளு இல்ல, வெளியாளு. அவரு வரல. இந்த வருசம் இங்க வரவேயில்ல."

"பேப்பர்ல கோல் போட்டதா..."

"அது நான் அடிச்சது."

பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு இது கேட்டிருக்கும், கேட்கட்டும். பெரியவர் பந்தைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை அவருக்கு, அழவில்லை, திட்டவில்லை, முகம் கொஞ்சம் சின்னதானதுபோல இருந்தது. பந்தின் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். ரெஃபரி ஒரு தடவை ஊதினார். "தந்தி வந்ததுல இருந்து அவனுக்க அம்மா ராத்திரி சாப்பிட்டதில்ல. பேப்பரு வந்த அன்னைக்குத்தான் தட்டு வச்சு உக்காந்தா. இப்ப பதினாறு நாளா சாப்பிடுதா" என்றார். யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற குரல். மாசானம் நின்றான். அடி பட்ட கால் வலித்தது, நன்றாக வலித்தது, எலும்பு வரைக்கும். தனக்குத்தான் வலிக்கிறது என்று தெரிந்தது. நடுவிலிருந்து அந்தப் பேர் மறுபடியும் வந்தது, வீரபாகுவோடு இன்னும் இரண்டு மூன்று குரல் சேர்ந்து. இந்தத் தடவை அவன் திரும்பவில்லை.

"உன்னயத்தான் கூப்பிடுதாவ" என்றார் பெரியவர். பந்தை அவன் கையில் வைத்தார். "போய் ஆடு. முடிஞ்சதும் இங்கயே நிக்கேன், எங்கூட ஊருக்கு வா. அவ கிட்ட இத நீ சொல்லணும். எனக்கு வாய் வராது."

"வாரேன்யா" என்றான் மாசானம்.

கோட்டில் கால் வைத்து, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான். யாருக்குப் போயிற்று என்று பார்க்கவில்லை. ஆட்டத்தில் இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது.